குறைத்துச் செய்ததன் நியாயம்: ஃபைனல் ஃபேன்டசி மிஸ்டிக் குவெஸ்ட்

ஜப்பானின் ஸ்குவேர் நிறுவனம் சூப்பர் நின்டெண்டோ என்ற வீடியோ கேம் கருவிக்காக உருவாக்கி 1992 அக்டோபரில் அமெரிக்காவில் வெளியிட்ட ‘ஃபைனல் ஃபேன்டசி மிஸ்டிக் குவெஸ்ட்’ என்ற ரோல் பிளேயிங் கேமுக்கு (ஒரு கதாபாத்திரமாகச் சண்டையிட்டு, வலிமை சேர்த்து, கதையில் முன்னேறும் ஆட்டவகை), முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கெட்ட பெயர்தான் நிலைத்திருக்கிறது. ஃபைனல் ஃபேன்டசி என்ற பெயரைத் தாங்கிய ஆட்டங்களில் எது மட்டம் என்று யார் வரிசைப்படுத்தினாலும், கடைசி இடங்களில் ஒன்று பெரும்பாலும் இதற்குத்தான் போகிறது. மிக எளிது, குழந்தைத்தனமானது, கதையில் சாரமில்லை, போன வழியே போக வேண்டும், பதினைந்து மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது என்று குற்றச்சாட்டுகள் நீளும். இவற்றில் சில சரியானவை. ஆனால் பெரும்பாலானவை, இந்த ஆட்டத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பார்க்காமல், இதில் என்ன இல்லை என்பதை மட்டும் எண்ணிச் சொன்னவை. இல்லாதவற்றில் பல, கவனக்குறைவால் விடுபட்டவை அல்ல, யோசித்து நீக்கப்பட்டவை. அப்படி நீக்கியதால்தான் வேறு சில நல்ல விஷயங்களுக்கு இடம் கிடைத்தது என்பதே என் வாதம்.

அன்றைய சந்தை நிலவரத்தைத் தெரிந்துகொண்டால்தான் இந்த ஆட்டம் ஏன் பிறந்தது என்பது புரியும். ஜப்பானில் இதே வகையைச் சேர்ந்த ‘டிராகன் குவெஸ்ட்’ வெளியாகும் நாளில் கடை வாசலில் கூட்டம் வரிசை கட்டி நின்ற காலம் அது. அதே ஆட்டத்தை நின்டெண்டோ 1989-இல் ‘டிராகன் வாரியர்’ என்ற பெயரில் அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தபோது எதிர்பார்த்த அளவுக்கு விற்கவில்லை; பிறகு அந்த நிறுவனம் தன் ‘நின்டெண்டோ பவர்’ இதழின் சந்தாதாரர்களுக்கு அதை இலவசமாகவே கொடுத்தது. முதல் ஃபைனல் ஃபேன்டசி 1990-இல் அமெரிக்காவுக்கு வந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் அப்போது வரவேயில்லை. நான்காவது, 1991 நவம்பரில் ‘ஃபைனல் ஃபேன்டசி 2’ என்று எண் மாற்றப்பட்டு, சண்டைகள் எளிதாக்கப்பட்டு, பாத்திரங்களின் சில தனித்திறன்களும் பல பொருட்களும் நீக்கப்பட்ட வடிவில் வந்தது. அமெரிக்க ஆட்டக்காரர்கள் இவ்வகை விளையாட்டுகளிடம் நெருங்காததற்கு அவற்றின் கடினமும் சிக்கலும்தான் காரணம் என்று ஸ்குவேர் முடிவு கட்டியிருந்தது. ஏற்கெனவே செய்து முடித்த ஓர் ஆட்டத்தை வெட்டி எளிதாக்குவதைவிட, புதியவர்களுக்கென்றே ஒன்றை அடியிலிருந்து கட்டுவது மேல் என்ற எண்ணத்தில் விளைந்ததுதான் மிஸ்டிக் குவெஸ்ட். சுமார் 40 டாலர் என்ற, அந்நாளைய பெரிய கேட்ரிட்ஜ்களைவிட (கருவியில் செருகும் ஆட்டப்பெட்டிகள்) குறைந்த விலையில், இவ்வகைக்குப் புதியவர்களுக்கானது என்ற அறிமுகத்தோடு அது கடைக்கு வந்தது.

இதற்குள்ளேயே அதன் மீதான கோபத்துக்கும் வித்து இருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பானில் ஐந்தாம் ஃபைனல் ஃபேன்டசி வெளியானது. ஒரு பாத்திரத்துக்கு வேண்டிய தொழிலை வேண்டியபோது மாற்றிக்கொள்ளும் முறையால் இன்றும் கொண்டாடப்படும் அந்த ஆட்டம் அமெரிக்க ரசிகர்களுக்கு அப்போது கிடைக்கவில்லை. நான்காவதை விளையாடி முடித்து, அடுத்து என்ன என்று காத்திருந்தவர்களின் கையில் வந்து சேர்ந்தது, தாங்கள் ஏற்கெனவே கற்றுத் தேர்ந்த பாடத்தின் அரிச்சுவடி. அவர்கள் ஏமாந்தது இயல்பு. அந்த ஏமாற்றத்தை நான் குறைத்துச் சொல்லப்போவதில்லை. ஆயினும் அது ஒரு நிறுவனத்தின் வெளியீட்டுக் கொள்கை மீது வர வேண்டிய கோபம். கேட்ரிட்ஜுக்குள் இருக்கும் ஆட்டத்தின் தரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஐந்தாவது வரவில்லை என்ற குறை, காலப்போக்கில் ‘மிஸ்டிக் குவெஸ்ட் மோசம்’ என்ற வாக்கியமாகச் சுருங்கிவிட்டது.

முதல் குற்றச்சாட்டு, ஆட்டம் மிக எளிது என்பது. அதை எடைபோட, அன்றைய வழக்கமான ரோல் பிளேயிங் கேம் ஒன்று ஆட்டக்காரரிடம் என்னென்ன கேட்டது என்று பார்க்க வேண்டும். முதல் ஃபைனல் ஃபேன்டசியில் ஒரு குகைக்குள் நுழைந்தால், சில அடிகளுக்கு ஒருமுறை கண்ணுக்குத் தெரியாத எதிரி திடீரென்று வந்து சண்டைக்கு இழுக்கும். குகைக்குள் ஆட்டத்தைச் சேமிக்க முடியாது. விடுதியில் தங்க வேண்டும், அல்லது வெளியே வந்து கூடாரம் அடிக்க வேண்டும். ஆழத்தில் இறந்தால் கடைசியாகச் சேமித்த இடத்துக்கே திரும்ப வேண்டும். இடைப்பட்ட ஒரு மணி நேர உழைப்பு போயிற்று. இரண்டு வீரர்கள் ஒரே எதிரியைத் தாக்கும்படி கட்டளையிட்டு, முதல் அடியிலேயே அது வீழ்ந்துவிட்டால், இரண்டாவது வீரரின் வாள் வெற்றிடத்தைத்தான் வெட்டும். இவற்றைத் தாங்கிக்கொள்வதைத்தான் அன்று பலர் திறமை என்று எண்ணினார்கள். என் பார்வையில் இவற்றுள் பெரும்பகுதி பொறுமைக்கான சோதனையே தவிர, யோசனைக்கான சோதனை இல்லை.

மிஸ்டிக் குவெஸ்ட் இந்தச் சுமைகளில் பெரும்பாலானவற்றை இறக்கி வைத்தது. எதிரிகள் எல்லோரும் கண்ணெதிரே, குகையின் தரையில் அசையாமல் நிற்கிறார்கள். ஒரு எதிரியை வீழ்த்திவிட்டால், அந்தக் குகையை விட்டு வெளியேறும்வரை அவர் நின்ற இடம் காலியாகவே இருக்கும். எனவே ஒவ்வொரு எதிரியும் வடிவமைப்பாளர் யோசித்து நிறுத்திவைத்தவர். சிலர் வழியை மறித்து நிற்பார்கள். சிலரைச் சுற்றிக்கொண்டு போய்விடலாம். சிலர் ஒரு பெட்டியின் முன் காவல் போல நிற்பார்கள். சண்டையிடுவதா, விலகுவதா, இப்போதைக்கு எத்தனை மருந்து மிச்சம் என்ற கணக்கு ஆட்டக்காரரின் கைக்கு வந்துவிடுகிறது. சண்டை நடக்காத நேரத்தில் எங்கே வேண்டுமானாலும் ஆட்டத்தைச் சேமிக்கலாம். தோற்றுவிட்டால் அதே சண்டையை அந்த நொடியே மறுபடி தொடங்கலாம். பழுப்புநிறப் பெட்டிகளில் கிடைக்கும் மருந்துகள், குகைக்குத் திரும்பி வந்தால் மீண்டும் நிரம்பியிருக்கும்.

இந்த ஏற்பாடுகளை 1992-இல் கேலி செய்தவர்கள், பின்னாளில் இவற்றை எதிர்ப்பின்றி ஏற்றுக்கொண்டார்கள். 1995-இல் வெளியாகி, இவ்வகையின் சிகரம் என்று பலரால் போற்றப்படும் ‘கிரோனோ டிரிக்கர்’ ஆட்டத்தில் எதிரிகள் பெரும்பாலும் கண்ணெதிரேதான் நிற்கிறார்கள். 2009-இல் வந்த பதின்மூன்றாம் ஃபைனல் ஃபேன்டசியில் தோற்ற சண்டையை உடனே மீண்டும் தொடங்கலாம்; அணித் தலைவரை மட்டும் நாம் இயக்க, மற்றவர்கள் தாமாகச் சண்டையிடுகிறார்கள். மிஸ்டிக் குவெஸ்ட்டிலும் துணையாளைத் தானியங்கியாக விடலாம், வேண்டுமென்றால் நாமே இயக்கலாம். பின்னால் வந்தவர்கள் இதைப் பார்த்துத்தான் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆட்டக்காரரின் நேரத்தை மதிக்க வேண்டும் என்று யோசிக்கத் தொடங்கிய எவரும் வந்து சேரக்கூடிய இடத்துக்கு இந்த ஆட்டம் சற்று முன்னதாகவே வந்து சேர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

மேலும், எளிது என்ற சொல் இந்த ஆட்டத்துக்கு முழுதும் பொருந்துவதுமில்லை. நடுப்பகுதியிலிருந்து எதிரிகள் செயலிழப்பு, குழப்பம், கல்லாக்குதல் போன்ற தாக்குதல்களைத் தாராளமாக வீசுகிறார்கள். நம் பக்கம் இருப்பதோ இரண்டே பேர். ஒருவர் குழம்பி மற்றவரை அடிக்க, மற்றவர் அசைய முடியாமல் நிற்க, கண்முன்னே சண்டை கைவிட்டுப் போகும் அனுபவம் இதை விளையாடிய எவருக்கும் இருக்கும். இங்கே நான் ஆட்டத்தின் பக்கம் நிற்க மாட்டேன். நான்கு ஐந்து பேர் கொண்ட அணிக்குப் பொருந்தும் தாக்குதல்களை இருவர் அணியின் மீது ஏவியதும், நம் அடிகள் அடிக்கடி குறி தவறுவதும் வடிவமைப்பின் உண்மையான குறைகள். உடனே மறுபடி முயலலாம் என்ற வசதி அந்தக் குறைகளின் வலியைக் குறைக்கிறதே தவிர, அவற்றை நீக்கிவிடவில்லை. விசித்திரம் என்னவென்றால், எளிது என்று பழிப்பவர்கள் இந்தக் குறையைப் பற்றிப் பெரும்பாலும் பேசுவதில்லை.

அடுத்தது, சுதந்திரம் இல்லை என்ற புகார். உலக வரைபடத்தில் நினைத்த திசையில் நடக்க முடியாது. ஓர் இடத்திலிருந்து எந்தப் பக்கம் போகலாம் என்பதை அம்புக்குறிகள் காட்டும், அந்தப் பாதையில்தான் போக வேண்டும். கடையில் ஆயுதங்களை ஒப்பிட்டுப் பார்த்து வாங்கும் வேலையும் கிட்டத்தட்ட இல்லை. மேலான கவசம் கிடைத்தால் பழையதன் இடத்தில் அதுவே தானாக ஏறிக்கொள்ளும். இவை உண்மை. ஆனால் இங்கே குறைத்ததைக் குகைகளுக்குள் கூட்டியிருக்கிறார்கள் என்பதைப் பலர் பார்ப்பதில்லை. இந்த ஆட்டத்தின் மிகச் சிறந்த யோசனை எனக்குத் தெரிந்தவரை இதுதான் என்பதால், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கதாநாயகன் பெஞ்சமினிடம் நான்கு வகை ஆயுதங்கள் சேர்கின்றன: வாள், கோடரி, நகம், வெடிகுண்டு. வழக்கமான ஆட்டங்களில் ஆயுதம் என்பது ஒரு எண்; பெரிய எண் கிடைத்ததும் சிறிய எண்ணை விற்றுவிடுவோம். இங்கே ஆயுதம் சண்டைக்கு வெளியிலும் ஒரு கருவி. வாளால் விசைகளைத் தட்டி இயக்கலாம். கோடரியால் வழியில் நிற்கும் மரங்களை வெட்டலாம். கையில் மாட்டிக்கொள்ளும் நகங்களால் சுவரைப் பற்றி ஏறலாம். பிற்பகுதியில் கிடைக்கும் டிராகன் நகத்தை எட்ட நிற்கும் தூணில் எறிந்து, பள்ளத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போய்ச் சேரலாம். குண்டு வைத்து அடைப்புகளைத் தகர்க்கலாம். இவற்றோடு ஒரு தாவல் பொத்தானும் உண்டு. அன்றைய ரோல் பிளேயிங் கேம்களில் அரிதான ஒன்று அது. ஆயுதங்களை மாற்றுவதற்குப் பட்டியலைத் திறக்கக்கூடத் தேவையில்லை. நடந்துகொண்டே, கைக்கருவியின் மேல்விளிம்பில் உள்ள தோள் பொத்தான்களை அழுத்தினால் ஒவ்வொன்றாக மாறும்.

இதனால் ஒரு குகையைக் கடப்பது எப்படி மாறுகிறது என்று பாருங்கள். ஓர் அறைக்குள் நுழைகிறோம். எதிரே மேட்டின் மீது ஒரு பெட்டி தெரிகிறது. ஏறுவதற்குச் சுவர் உண்டு, ஆனால் அதன் அடியை ஒரு எதிரி மறித்து நிற்கிறார். இடப்புறம் ஓர் இடைவெளியைத் தாண்டினால் அந்தச் சுவரின் மறுமுனையைப் பிடிக்கலாம் போலத் தோன்றுகிறது. தாவி, நகத்தை எடுத்து, பக்கவாட்டில் ஊர்ந்து, எதிரியின் தலைக்கு மேலாகவே போய் மேட்டில் இறங்குகிறோம். இத்தனையும் நடந்த பிறகும் எந்தச் சண்டையும் நடக்கவில்லை. இடத்தைப் பார்த்து யோசித்ததற்கே பரிசு கிடைக்கிறது. உலக வரைபடத்தில் அலையும் உரிமையைப் பறித்த ஆட்டம், ஒவ்வோர் அறையிலும் ஒரு சிறு கேள்வியைக் கேட்கிறது. வெற்றுப் புல்வெளியில் திசை தெரியாமல் நடப்பதைச் சுதந்திரம் என்று கொண்டாடுவதைவிட, இந்தக் கேள்விகள் எனக்கு மேலாகப் படுகின்றன.

ஒரு புதிய ஆயுத வகை கைக்கு வந்ததும் இரண்டு கதவுகள் சேர்ந்து திறப்பதும் இதனால்தான். கோடரிக்கு அஞ்சும் எதிரிகளை இனி எளிதில் வீழ்த்தலாம் என்பது ஒன்று. முன்பு மரம் மறித்திருந்த பாதையில் இனிப் போகலாம் என்பது மற்றொன்று. சண்டையும் உலாவலும் தனித்தனி ஆட்டங்களாகப் பிரிந்து கிடக்கும் பல பெரிய ஆட்டங்களில் இந்த இணைப்பு இல்லை. அறுபது வாள்கள் இருந்தால் அவை அத்தனைக்கும் இப்படி ஒரு வேலை கொடுக்க முடியாது; நான்கு வகைக்குள் நின்றதால்தான் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணத்தைக் கொடுக்க முடிந்தது.

கதை பற்றிய புகாருக்கு வருவோம். நான்கு படிகங்கள் இருந்தன, அவற்றின் ஆற்றல் திருடப்பட்டது, உலகம் சீர்குலைகிறது, ஒரு வீரன் அதைச் சரிசெய்ய வேண்டும். இதைவிடப் பழகிப்போன கதைக்கூடு ஒன்றைத் தேடினாலும் கிடைக்காது என்பதில் எனக்கு மறுப்பில்லை. நிலம் வாடும் ஃபொரெஸ்டா, பனியில் உறைந்த அக்வேரியா, எரிமலையோரத்து ஃபயர்பர்க், காற்றால் அவதிப்படும் விண்டியா என்று நான்கு பகுதிகள். நடுவில் எல்லாவற்றையும் பிரித்து நிற்கும் ஃபோகஸ் டவர். முடிவில் இறுதிப் பகைவன் டார்க் கிங். ஆனால் ஒரு கதையின் கூடு பழையது என்பதாலேயே சொல்லும் விதமும் சோம்பேறித்தனமானது என்றாகிவிடாது. ஒவ்வொரு பகுதியிலும் படிகம் மீண்டதும் அந்த ஊர் கண்முன்னே மாறுகிறது. உறைந்து கிடந்த அக்வேரியாவில் பனி உருகி நீர் ஓடுவதை ஊருக்குள் நடந்து பார்க்கும்போது, நாம் செய்த வேலையின் பலன் வசனத்தின் உதவியில்லாமலே தெரிகிறது.

வசனமும் அப்படித்தான். ஆட்டம் மிகக் குறைவாகவே பேசுகிறது. பெஞ்சமினின் முக்கியமான மொழி அவன் தோளைக் குலுக்குவது. ஊர் அழிந்து, பூமி பிளந்து, வெண்தாடிக் கிழவர் ஒருவர் மேகத்தின் மீது மிதந்து வந்து, உலகைக் காக்கப் பிறந்த வீரன் நீதான் என்கிறார். அவனோ இரு கைகளையும் விரித்துத் தோளைக் குலுக்குகிறான். கிழவர் அவசரமாகப் பறந்துவிடுகிறார். மறுபடியும் ஒரு குலுக்கல். சில புள்ளிகளால் வரைந்த உருவம் ஒன்று, இப்படி ஒரே அசைவால் திகைப்பையும் சலிப்பையும் ‘சரி, பார்க்கலாம்’ என்ற துணிவையும் காட்டிவிடுகிறது. அதே காலத்தின் கனமான கதைகள் பல வரி வசனத்தில் சொல்ல முயன்று பாதியில் விட்டதை இந்த அசைவு சாதிக்கிறது என்பேன்.

இறுதியில் வரும் திருப்பமும் கவனிக்க வேண்டியது. ஆட்டம் முழுவதும், ஒரு வீரன் வந்து உலகைக் காப்பான் என்ற முன்னறிவிப்பைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் பேசுகிறார்கள். கடைசியில் டார்க் கிங், அந்த முன்னறிவிப்பை வெகு காலத்துக்கு முன் கட்டிவிட்டதே தான்தான் என்று சொல்கிறான். அப்படியென்றால் பெஞ்சமின் விதியால் தேர்ந்தெடுக்கப்பட்டவன் இல்லை. ஒரு பொய்யை நம்பி வழியெல்லாம் உண்மையாகவே உழைத்து வந்தவன். அதைக் கேட்ட பிறகும் அவன் சண்டையிடுகிறான். தேர்ந்தெடுக்கப்பட்ட வீரன் என்ற தேய்ந்த கருத்தை, குழந்தைகளுக்கானது என்று ஒதுக்கப்பட்ட ஓர் ஆட்டம் இரண்டே வரிகளில் கவிழ்த்துவிடுவதைக் குறை சொல்பவர்கள் ஏன் குறிப்பிடுவதில்லை என்று நான் வியந்ததுண்டு. அந்தத் திருப்பத்தை ஆட்டம் இன்னும் கொஞ்சம் நின்று சொல்லியிருக்கலாம் என்பதும் உண்மை. வந்த வேகத்தில் போய்விடுகிறது.

துணைப் பாத்திரங்கள் நம்மைவிட வலிமையாக வருகிறார்கள், அவர்களே எல்லாச் சண்டையையும் முடித்துவிடுகிறார்கள் என்பது இன்னொரு குறை. கோடரி ஏந்திய கெய்லி, புதையல் தேடி அலையும் நிஞ்சா ட்ரிஸ்டம், வில்லெடுத்த ஃபீபி, ஃபயர்பர்க்கின் ரூபன் என்று நால்வரில் ஒருவர் மட்டுமே ஒரு நேரத்தில் உடன் வருவார். கதைக்கு வேண்டியபோது விலகுவார். அவர்கள் சேரும்போது பெஞ்சமினைவிட மேலான நிலையில் இருப்பது, இவ்வகை ஆட்டத்தை முதன்முதலில் தொடுபவருக்கான ஏற்பாடு. புதிய பகுதியின் எதிரிகளை எப்படி அணுகுவது என்பதை அந்தத் துணையின் ஆயுதமும் மந்திரமும் செய்து காட்டுகின்றன. நம் நிலை உயர உயர, அவரும் நாமும் சமமாகிறோம். அனுபவசாலிக்கு இது தேவைப்படாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த ஆட்டம் அனுபவசாலிக்கு நான் ஏற்றது என்று எங்கும் சொல்லிக்கொள்ளவில்லை.

சண்டைகள் ஒரே மாதிரி இருக்கின்றன என்ற விமர்சனத்துக்கு என்னிடம் பாதிப் பதில்தான் உண்டு. வலுவான ஆயுதத்தைத் தேர்ந்து, பொத்தானை அழுத்தி, காயம்பட்டால் மருந்து கொடுத்து, மறுபடி அழுத்தினால் பெரும்பாலான சண்டைகள் முடிந்துவிடுகின்றன. வரைபடத்தில் ஆங்காங்கே உள்ள போர்க்களங்கள் இதை இன்னும் வெளிச்சமாக்குகின்றன. ஒவ்வொன்றிலும் பத்துச் சண்டைகள், அத்தனையும் முடித்தால் ஒரு பரிசு. ஒரு போர்க்களத்தில் தொடர்ந்து பத்துமுறை அதே எதிரிக் கூட்டத்தை எதிர்கொள்வதில் சலிப்புத் தட்டவே செய்கிறது. எல்லாப் போர்க்களங்களையும் முடித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதும், எத்தனை சண்டை மிச்சம் என்பதை ஆட்டம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது என்பதும் மட்டுமே இங்கே நான் வைக்கக்கூடிய சமாதானம். வழக்கமான ஆட்டங்களில் இதே நேரத்தை முடிவு தெரியாமல் காட்டில் சுற்றிச் செலவழிக்கிறோம்.

மீதிப் பாதிப் பதில் கண்ணிலும் காதிலும் இருக்கிறது. எதிரி அடிவாங்க அடிவாங்க அதன் படம் மாறுகிறது. நிமிர்ந்து நின்றது தளர்கிறது, காயம் தெரிகிறது, தோல்வியின் விளிம்பில் இருப்பது உருவத்திலேயே புலப்படுகிறது. அன்றைய ஃபைனல் ஃபேன்டசிகளில் முழு வலிமையோடு நிற்கும் பூதமும் கடைசி மூச்சில் நிற்கும் பூதமும் ஒரே படம்தான். இன்னும் எவ்வளவு அடிக்க வேண்டும் என்பதைப் புதியவருக்கு எண்ணின்றி உணர்த்த இதைவிட நல்ல வழி இல்லை. இசையோ, இந்த ஆட்டத்தை வெறுப்பவர்கள்கூட விட்டுக்கொடுக்காத ஒன்று. வரிசையின் வழக்கமான இசையமைப்பாளர் நோபுவோ உயேமட்சு இதில் இல்லை. ர்யூஜி சசாயும் யசுஹிரோ கவாகாமியும் அமைத்தார்கள். முக்கிய எதிரிகளோடு மோதும்போது ஒலிக்கும் இசை, சூப்பர் நின்டெண்டோவின் சிறிய ஒலிச் சில்லிலிருந்து முறுக்கேறிய மின்கித்தாரைப் பிழிந்தெடுக்கிறது. பொத்தானை அழுத்துவது அதே பொத்தான்தான் என்றாலும், அந்தத் தாளத்தில் கை தானாக வேகம் பிடிக்கிறது. சசாய் பின்னர் 1996-இல் ‘ருத்ரா நோ ஹிஹோ’ என்ற ஆட்டத்துக்கு அமைத்த இசையைக் கேட்டவர்களுக்கு, அதன் முறுக்கு இங்கேயே தொடங்கிவிட்டது தெரியும்.

இறுதிச் சண்டையைப் பற்றிய புகழ்பெற்ற கேலி ஒன்று உண்டு. காயத்தை ஆற்றும் ‘க்யூர்’ மந்திரத்தை டார்க் கிங் மீது பிரயோகித்தால், அவன் குணமாவதற்குப் பதில் பெரும் அடி வாங்குகிறான். சில முறை போட்டால் சண்டையே முடிந்துவிடும். நிரலின் கணக்கீட்டில் நேர்ந்த பிழை இது. சோதித்துப் பிடித்திருக்க வேண்டும். ஆனால் பகைவனுக்கு மருந்து கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று முதல்முறை விளையாடும் யாருக்கும் தோன்றாது. தெரிந்துகொண்டு பயன்படுத்துபவரே இதனால் அந்தச் சண்டையின் சுவையை இழக்கிறார். இதே காலத்துக் கொண்டாடப்பட்ட ஆட்டங்களிலும் இதற்கிணையான பிழைகள் உண்டு. அவற்றை ரசிகர்கள் ஆசையாகப் பேசிக்கொள்கிறார்கள். ஒரே தவற்றை ஓரிடத்தில் செல்லமாகவும் இன்னோரிடத்தில் குற்றமாகவும் எண்ணுவது நியாயமில்லை.

இத்தனைக்கும் அடியில் இருக்கும் குறை, ஆட்டம் சிறியது என்பதுதான். இதன் இருமடங்குக்கும் மேல் நீளும் ஆட்டங்களைப் பார்த்தவர்களுக்குப் பதினைந்து மணி நேரம் குறைவாகத் தெரியலாம். ஆனால் நீளத்தை எதைக் கொண்டு நிரப்புகிறோம் என்பது முக்கியம். இங்கே நான்கு பகுதிகள், நான்கு துணைகள், நான்கு வகை ஆயுதங்கள், வெள்ளை, கருப்பு, விசார்ட் என்ற மூன்று பிரிவுகளில் தலா நான்கு மந்திரங்கள். ஒவ்வொன்றும் அறிமுகமாகி, பயன்பட்டு, அதன் முழு வேலையையும் செய்து முடிக்கிறது. ஐந்தாவதாக ஒரு பகுதியைச் சேர்த்திருந்தால், ஏற்கெனவே பாதிச் சலிப்பில் இருக்கும் சண்டைமுறை அதைத் தாங்கியிருக்காது. இந்தச் சண்டைமுறைக்கு எவ்வளவு நீளம் பொருந்துமோ அவ்வளவோடு நிறுத்தியது, இதைச் செய்தவர்களின் தன்னறிவைத்தான் காட்டுகிறது. விலையும் அதற்கேற்பக் குறைவாக இருந்ததால், வாங்கியவரை ஏமாற்றினார்கள் என்ற பேச்சுக்கும் இடமில்லை.

நீக்கியவற்றுள் வருத்தப்பட வேண்டியது ஏதாவது உண்டா என்று கேட்டால், எனக்கு ஒன்று தோன்றுகிறது. யாரைத் துணைக்கு அழைத்துப் போவது என்ற தேர்வை ஆட்டக்காரருக்குக் கொடுத்திருக்கலாம். கெய்லியை அழைத்தால் ஒரு வழி, ட்ரிஸ்டமை அழைத்தால் வேறு வழி என்று ஒரே குகையை இருவிதமாகக் கடக்க வைத்திருந்தால், கருவிகளைக் கொண்டு கட்டிய அந்த அருமையான அமைப்பு இன்னும் ஒரு படி உயர்ந்திருக்கும், ஆட்டமும் நீளாது. இதைத்தான் நான் உண்மையான இழப்பு என்பேன். கூட்டம் கூட்டமான எதிரிகளோ, புல்வெளி வரைபடமோ, கடைப்பட்டியலோ இல்லாததை அல்ல.

அமெரிக்காவுக்கு வெளியே இதன் வரலாறு வேறு மாதிரி போனது. 1993 செப்டம்பரில் ‘ஃபைனல் ஃபேன்டசி யுஎஸ்ஏ’ என்ற பெயரோடு ஜப்பானுக்குத் திரும்பிச் சென்றபோது, ஏற்கெனவே ஐந்தாவதைக் கண்டுவிட்ட அங்கே அது ஒரு வெளிநாட்டு வேடிக்கைப் பொருள் போலத்தான் பார்க்கப்பட்டிருக்க முடியும். ஐரோப்பாவிலோ நிலைமை நேர்மாறு. கேம் பாய் என்ற கையடக்கக் கருவிக்கு வந்த வேறோர் ஆட்டம் அங்கே ‘மிஸ்டிக் குவெஸ்ட்’ என்ற பெயரை எடுத்துக்கொண்டதால், இது ‘மிஸ்டிக் குவெஸ்ட் லெஜண்ட்’ என்று, ஃபைனல் ஃபேன்டசி என்ற முன்னொட்டே இல்லாமல் விற்கப்பட்டது. 1997-இல் ஏழாவது வரும்வரை எண்ணிட்ட ஃபைனல் ஃபேன்டசி எதுவும் ஐரோப்பியக் கடைகளுக்கு வரவில்லை என்பதால், அங்கே இதை வாங்கியவருக்கு ஒப்பிட்டு ஏமாற ஒன்றும் இருக்கவில்லை.

இன்று ரேண்டமைசர் என்ற கருவியை வைத்து இதை மீண்டும் மீண்டும் விளையாடுபவர்கள் இருக்கிறார்கள். பெட்டிகளில் உள்ள பொருட்களையும் கருவிகளையும் இடம் மாற்றிக் கலைத்துப் போட்டு, ஒவ்வொரு முறையும் புதிய வழியில் ஆட்டத்தை முடிப்பது அதன் வேலை. கோடரி முதலில் கிடைத்தால் எங்கே போகலாம், நகம் இல்லாமல் எந்தக் குகை எட்டும், குண்டு கிடைக்கும்வரை எதை ஒத்திவைப்பது என்று அவர்கள் கணக்குப் போடுகிறார்கள். ஆயுதங்கள் வெறும் எண்களாக இருக்கும் ஓர் ஆட்டத்தில் இப்படிக் கலைத்தால் சண்டையின் கடினம் மாறுமே தவிர, வழி மாறாது. இங்கே நேர்க்கோடு என்று பழிக்கப்பட்ட அம்புக்குறிப் பாதைகளும் சின்னஞ்சிறு குகைகளும், கருவிகளின் வரிசை கலைந்தவுடன் திறந்த புதிராக மாறிவிடுகின்றன. ஒவ்வொரு கதவும் எந்தக் கருவிக்குத் திறக்கும் என்பதைக் குழப்பமில்லாமல் தீர்மானித்து வைத்த வேலை 1992-லேயே அந்தக் கேட்ரிட்ஜுக்குள் நடந்து முடிந்திருந்ததால்தான் இது முடிகிறது.